ஒல்ஷா பதினொன்று

முதலில் அது ஓடவே இல்லை.
நாலு சக்கரமும் முழங்கால்வரை தரைக்குள் புதைந்து
நின்ற இடத்திலேயே நின்றது.
சக்கரத்துக்கு ஏது முழங்கால் என்று கேட்டான் ரடோவன்.
எடையில் பிழை. பதினோரு டன்னுக்குப் பதில்
பதினோராயிரம் போட்டிருந்தான்.
மூன்று சுழியம் அழித்ததும்
தரைக்கு மேலே வந்து, லேசாகக் குலுங்கி,
உட்கார்ந்துகொண்டது.

ஒஸ்ட்ராவா. பிப்ரவரி. எட்டாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே அணைந்த உலைகள், பனி.
உள்ளே, திரையில்,
இந்த ஊரில் எவரும் ஏறியிராத பேருந்து.

ரடோவன் உடல் செய்கிறான்.
ஸ்டிஸ்லாவா தோல்.
நான் சத்தம்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை.
மூன்றாம் இயந்திரம் ஈரப் போர்வைகளைப் பிழியும்போது
எழும் உறுமலைக் கைபேசியில் பிடித்தேன்.
இரண்டாம் கியருக்கு அது போதும்.
கதவு திறக்கும் சீறலுக்கு இஸ்திரிப் பலகையின் நீராவி.
ஹாரன் மட்டும் அகப்படவில்லை, மூன்று வாரம்.
கடைசியில் அக்காள் மகனின் உடைந்த அக்கார்டியனில்
அமுக்கினால் எழும்பாத ஒரே ஒரு கட்டை.

பேரை ஆற்றிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.
வண்டி என்று இருந்தால் செய்தவர்கள் வேண்டுமே;
ஒரே ராத்திரியில், பீர் குடித்தபடி,
தொழிற்சாலை கட்டினோம்.
நூற்றுநாற்பது பேருக்கு வேலை கொடுத்தோம்.
தலைமைப் பொறியாளர் இடக்கைக்காரர்,
அதனால்தான் கைத்தடை தப்பான பக்கம்.
(உண்மையில் ரடோவன் படத்தைத் திருப்பி வைத்துவிட்டான்.)

மூடிய ஆண்டில்தான் சண்டை.
தொண்ணூற்றொன்று என்றான் அவன்.
அவ்வளவு சீக்கிரமா, என்றாள் ஸ்டிஸ்லாவா.
அந்த ஆண்டில்தான் அவள் அப்பா
நிஜமான ஒரு வாசலில்
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.
அதை அவள் சொல்லவில்லை.
ரடோவன் ஒன்றை அழித்து ஏழாக்கினான்.
ஆறு வருடச் சம்பளம்,
நூற்றுநாற்பது பேருக்கு,
ஒரே தட்டலில்.

குறை இல்லாத வண்டியை எவன் நம்புவான்?
பின்சக்கர வளைவில், சாலை உப்பு தின்னும் இடத்தில்,
துரு வைத்தாள்.
ஏழாம் இருக்கையின் முதுகில் ஆணியால் கீறியதுபோல்
ஓர் இதயம். பாதியில் நிறுத்திவிட்டாள்.
ஏன் என்றேன்.
கீறியவனுக்கு இறங்குமிடம் வந்துவிட்டது, என்றாள்.

குளிரில் மூன்றாம் கியர் இடக்குப் பண்ணுவது என் யோசனை.
அதற்கு வாங்கிய வசவுகளை எண்ணவில்லை.

ஒருவன் மட்டும் திட்டவில்லை.
சிலி நாட்டின் வால்டிவியாவிலிருந்து எழுதினான்.
அவன் ஓட்டுவதே இல்லையாம்.
கடைசி நிறுத்தத்தில் மழையை வரவழைத்து,
எஞ்சினை அணைக்காமல் விட்டு,
விளக்கைக் குறைத்துப் படுத்துவிடுவானாம்.
இரண்டு வருடத்தில் இப்போதுதான் தூங்குகிறேன், என்றான்.

நீ கேட்பது என் மூன்றாம் இயந்திரம்,
உள்ளே சுழல்வது
யார் யாரோ தூங்காமல் கிடந்த போர்வைகள் என்று
பதில் எழுதி
அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

இன்று விடிகாலை வேலை முடிந்து நின்றேன்.
புது மின்பேருந்து வந்தது.
பனியில் ஓசையே இல்லை. கதவுகூட முணுமுணுக்கவில்லை.
யாரோ சத்தம் சேர்க்க மறந்துவிட்டார்கள்
என்றுதான் முதலில் தோன்றியது.
அப்புறம் சிரிப்பு வந்தது, ஏறினேன்.

ஏழாம் இருக்கையின் முதுகு வழவழவென்றிருந்தது.
பையில் சாவி இருந்தது.
எடுத்தும்விட்டேன்.
அதற்குள் என் நிறுத்தம்.